பவுன்தாய் கல்யாணத்துக்கு வாங்கிய ஐம்பது மடங்கு கேமரா

ஈசல்பட்டிக்காரர்களை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். சிக்கலே அதுதான்.

பவுன்தாய்க்கு அப்பா இல்லை. கத்தாரில் வேலை பார்க்கும் அண்ணன் தவசிக்கு, தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. போனிலேயே அழுதுவிட்டான். "தாலி ஏறும்போது அவ மொகத்த நான் பக்கத்துல பாக்கணும் சித்தப்பா. நல்ல கேமராவா வாங்குங்க" என்று பணம் அனுப்பினான். வீரணன், மொக்கச்சாமி, சன்னாசி என்ற மூன்று சித்தப்பாக்களும் டவுனுக்குக் கிளம்பினார்கள்.

தூரத்தில் இருக்கிறவனுக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று கடையில் கேட்டார்கள். கடைக்காரர் ஐம்பது மடங்கு பெரிதாக்கும் கேமராவை எடுத்து, தண்ணீர்த்தொட்டி மேல் இருந்த காக்காயின் கண்ணைக் காட்டினார். "மொதல்ல இந்த விசையக் கடைசிவரைக்கும் தள்ளிட்டு எடுங்க. கை ஆடக் கூடாது. வேற எதையும் நோண்டாதீங்க" என்றார்.

வீட்டு வாசலில் வீரணனை நிறுத்தி, விசையைக் கடைசிவரை தள்ளி, ஒரு படம் எடுத்தார்கள். அவருடைய ஒரு மூக்குத் துவாரம் மட்டும் விழுந்தது.

"ஆளக் காணோமேண்ணே" என்றார் மொக்கச்சாமி.

"ஐம்பது மடங்குக் கேமராவுக்குப் பக்கத்துல நின்னா எப்படி? ஐம்பது மடங்கு தள்ளிப் போ" என்றார் வீரணன்.

தெருமுனைக்குப் போனார்கள், காது விழுந்தது. வயலுக்குப் போனார்கள், தலை விழுந்தது. கடைசியில் ஊருக்கு மேற்கே இருக்கும் கரட்டு உச்சியில் ஏறிய பிறகுதான் வாசலில் நின்ற இரண்டு பேர் படத்தில் முழுசாக விழுந்தார்கள். கல்யாணப் படத்தை மலையிலிருந்து எடுப்பது என்று முடிவானது.

ஆனால் மணமக்கள் உட்காருவது கிழக்குப் பார்த்து. கரட்டிலிருந்து முதுகுதான் தெரியும். மேற்கே திருப்பி உட்கார வைக்கப் பூசாரி சம்மதிக்கவில்லை. சன்னாசி கொஞ்சம் விவரமானவர். சீர்வரிசையில் வந்த பீரோவை, அதன் கண்ணாடி மணமக்களைப் பார்க்கும்படி மணமேடைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். பந்தலின் பின்பக்கத்துக் கீற்றைப் பிரித்துப்போட்டார்கள். விருந்தாளிகளுக்கு பீரோவின் முதுகு மட்டும் தெரிந்தது. அண்ணன் பார்த்தால் போதும் என்று பவுன்தாய் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

கை ஆடாமல் இருக்க மொக்கச்சாமியைக் கரட்டில் ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். தாலி ஏறியது, படமும் விழுந்தது. அவரைக் கட்டியவர்கள் பந்தி முடிந்த பிறகுதான் ஏறி வந்து அவிழ்த்தார்கள்.

படம் அருமை. பவுன்தாயின் கண்ணோரத்து ஈரம்கூடத் தெரிந்தது. ஆனால் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய பெண், படத்தில் இடப்பக்கம் இருந்தாள். ஊரே கூடிவிட்டது.

"நான் வலப்பக்கந்தான் உக்கார வச்சேன். என் கண்ணால பாத்தேன்" என்றார் பூசாரி.

"ஒங்க கண்ணு எத்தன மடங்கு சாமி?" என்று வீரணன் மரியாதையாகக் கேட்டார்.

பூசாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பீரோக் கண்ணாடியைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்யாணம் பிசகிவிட்டது, அடுத்த முகூர்த்தத்தில் திரும்ப நடத்துவது, இந்தத் தடவை பெண்ணை மாற்றி உட்கார வைப்பது என்று தீர்மானித்தார்கள். இன்னொரு மோதிரம் உண்டு என்றதும் மாப்பிள்ளையும் சரி என்றார்.

அதற்குள் தவசிக்கு லீவு கிடைத்துவிட்டது. முகூர்த்தத்தன்று விடிகாலையில் வந்து இறங்கியவன், பெட்டியைப் போட்டுவிட்டு நேராக மணமேடைக்கு ஓடினான். தங்கை எழுந்து அவன் கையைப் பிடிப்பதற்குள் சித்தப்பாக்கள் மூவரும் பாய்ந்து அவனை இழுத்துக்கொண்டார்கள்.

"இங்க நின்னா ஒனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. மேல வா" என்றார் வீரணன்.

கரட்டு உச்சியில் அவனையும் மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கீழே கெட்டிமேளம் கொட்டியது. கேமராத் திரையில் தங்கையின் முகத்தைப் பார்த்துத் தவசி தேம்பித் தேம்பி அழுதான்.

"லீவு போட்டு வந்தது வீண் போகல சித்தப்பா. பக்கத்துலயே இருக்குற மாதிரி இருக்கு."