ரங்கி காட்டிய கல்

வக்கீல் குணவதியைவிட ஆரோக்கியம் ஆறு வயது மூத்தவர். பேங்க் வேலையை உதறிவிட்டுச் சட்டம் படித்து, மலைச்சனங்களுக்காக வழக்காடுகிறேன் என்று அவளிடம் ஜூனியராக வந்து சேர்ந்தார். அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கோர்ட்டே சிரிக்கும். சிரித்தால் என்ன, கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயசு ஏது!

அந்த வருஷம் கூத்தம்பாறை ஊரின் தலையில் இடி விழுந்தது. மலையில் குவாரி வரப்போகிறது, நீங்கள் நேற்று வந்து குடிசை போட்டவர்கள், கிளம்புங்கள் என்றார்கள். பாட்டன் பூட்டன் காலத்துச் சனத்திடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"செத்தவங்களைப் புதைச்ச இடம் இருக்குமே அக்கா. அதைக் காட்டினா போதாதா?"

"கல்லு வெச்சுட்டா அப்புறம் அந்தப் பக்கம் போக மாட்டாங்க. விரல்கூட நீட்ட மாட்டாங்க. அது அவங்க வழக்கம்."

"வேற வழி இருக்கா?"

குணவதி கேஸ் கட்டை மூடிவைத்தாள். இருந்தால்தானே சொல்வதற்கு.

ஆரோக்கியம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ரங்கி என்ற பெண்தான் எழுந்தாள்.

"இத்தனை சனமும் எங்க போகும்? நான் காட்டறேன். ஆனா கல்லை யாரும் தொடக்கூடாது சார்."

"தொட மாட்டாங்கம்மா. நான் இருக்கேன்ல."

கோர்ட் அனுப்பிய ஆட்கள் வந்து பார்த்தார்கள். வெறும் கல்லை யாரும் நட்டுவைக்கலாமே என்றது எதிர்த்தரப்பு. தோண்டிப் பார்க்க உத்தரவாயிற்று. ஆரோக்கியம் கத்தினார், கெஞ்சினார், யார் காதிலும் ஏறவில்லை. முதலில் தோண்டியது ஓரத்தில் இருந்த குழியை. காய்ச்சலில் போன ரங்கியின் மகள் அதில்தான் கிடந்தாள். பாவிகள், பெற்றவளை நிற்கவைத்துக்கொண்டே தோண்டினார்கள்.

உள்ளே இருந்த குழிகளில் பாட்டன் காலத்து எலும்புகள் கிடைக்க, வழக்கு ஜெயித்தது. குவாரி வராது என்று தீர்ப்பாயிற்று. ஊர் மேளம் கொட்டி ஆடியது. ஆரோக்கியத்தின் கழுத்தில் மாலை விழுந்தது. ரங்கி மட்டும் வரவில்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

ஆரோக்கியம் மாலையைக் கழற்றினார்.

"நான் பண்ணினது தப்பா அக்கா?"

"ஊர் இருக்கு. நீங்க கேட்கலைன்னா இருந்திருக்காது."

"அப்போ சரியா?"

"கல்லைத் தொட மாட்டாங்கன்னு நீங்க எதை நம்பிச் சொன்னீங்க?"

அவர் எதையும் நம்பிச் சொல்லவில்லை. ரங்கியின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"உங்களைத் தடுக்காம நானும்தான் சும்மா இருந்தேன்" என்றாள் குணவதி.

மேளம் இன்னும் வேகமெடுத்தது. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்ற ஆரோக்கியம், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"எங்க போறீங்க?"

"அந்தம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கப்போறேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும் அக்கா. இல்லேன்னா ராத்திரி தூக்கம் வராது."

குணவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இருக்கிறதை எல்லாம் அவகிட்டயிருந்து வாங்கியாச்சு ஆரோக்கியம். உங்க தூக்கத்தையும் அவகிட்டயே போய்க் கேட்கணுமா?"