குரூப் என்றொரு பேர்

ரெஜினா டீச்சருக்கு இருபத்தாறு வயது. அவளிடம் டேட்டாபேஸ் படிக்க வந்த மாணவிக்கு நாற்பத்திரண்டு. ரத்த வங்கியில் பதினோரு வருஷமாக எழுத்தர் வேலை. பெயர் வேண்டாம். ஆமாம், பெயரே அதுதான்.

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு அப்பா வைத்தது. பாவி மனுஷன் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார், பட்டதெல்லாம் இவள்தான். "வார்டுக்கு ரத்தம் யாரு கொண்டு வர்றா?" என்று ஒருமுறை டாக்டர் போனில் கேட்டார். "வேண்டாம்..." என்று இந்தப் பக்கம் போனை எடுத்தவர் ஆரம்பித்ததுமே, ரத்தமே வேண்டாமாக்கும் என்று அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு ஆபீஸே வயிறு வலிக்கச் சிரித்தது. இவளும் கூடச் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதாள்.

சர்டிஃபிகேட்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். வகுப்புக்கு வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள்.

"என் பேரை வித்யான்னு போட்டுடுங்க டீச்சர். மேடையில கூப்பிட்டா ஊரே சிரிக்கும்."

"போடலாம்க்கா. முதல்ல உங்க ரத்த வங்கி டேட்டாபேஸ்ல ஓ பாசிட்டிவ் ஆளுங்க பட்டியலை எடுங்க."

ரத்த வகை இருக்கும் கட்டத்துக்கு 'குரூப்' என்று பெயர். அதைச் சொல்லித் தட்டினாள். திரை சிவப்பில் திட்டியது.

"எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு? எதுக்கு இப்படி எரிஞ்சு விழுது?"

"குரூப்னா அதுக்கு ஒரு கட்டளைக்கா. வகைவகையாப் பிரின்னு அர்த்தம். நீங்க பேரைச் சொன்னீங்க, அது உத்தரவுன்னு எடுத்துக்கிச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்ப பேரை மாத்திடலாம். அதான் வம்பில்லாத வழி."

"மாத்தலாம். ஆனா பதினோரு வருஷமா இந்தப் பேரைக் கேட்டுத்தான் எத்தனையோ பேருக்கு ரத்தம் போயிருக்கு."

டீச்சர் குனிந்து குரூப்புக்கு முன்னால் ஒரு இரட்டை மேற்கோள் குறி போட்டாள், பின்னால் ஒன்று. மறுபடி தட்டினாள். நூற்றுப்பன்னிரண்டு பேர் மளமளவென்று வந்து நின்றார்கள்.

"அட! அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா. இது பேருன்னு தெரியிற மாதிரி கூப்பிட்டோம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு நீங்க குறி போட்டீங்க. எனக்கு யாரு டீச்சர் போடுவா?"

டீச்சர் சர்டிஃபிகேட் பட்டியலையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எந்தப் பேர் வேணுமோ நீங்களே எழுதுங்க. மேடையில மைக் என் கையிலதான் இருக்கும், குறி போட்டே கூப்பிடுறேன், வேண்டாம் அக்கா."