உச்சிக்கிளைக் காவல்

ஓடைக்கரை வேலங்காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. ஏழும் அக்கா தங்கைகள். விடிந்ததும் பேச ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை ஓய மாட்டார்கள். அப்பப்பா, அவ்வளவு வாய்!

ஆனால் அந்த வாய்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஆறு பேர் தரையில் சருகைக் கிளறி இரை தேடுவார்கள். ஒருத்தி மட்டும் வேலமரத்து உச்சிக்கிளையில் உட்கார்ந்து நாலா பக்கமும் பார்ப்பாள். வல்லூறோ பாம்போ தென்பட்டால், "கீ! கீ! கீ!" என்று கத்துவாள். மறு நொடியே எல்லோரும் முள்புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை.

கடைக்குட்டி வெள்ளச்சிக்குக் கண் ரொம்பக் கூர்மை. ஆனாலும் தன் முறை வந்தால் முகம் தொங்கிப்போகும்.

"நான் மேலே ஏறுற அன்னைக்குத்தான் கொழுத்த புழுவா கிடைக்குது! இது என்ன நியாயம் அக்கா?"

"ஒரு நாள் வயிறு காஞ்சா செத்தா போயிடுவே? ஏறுடி மேலே!" என்பாள் மூத்தவள் அங்காயி.

இதையெல்லாம் பக்கத்து மரத்திலிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரட்டைவால் கரிச்சான்.

"தங்கச்சிகளா, நான் எப்படியும் நாள் முழுக்க உச்சியிலதான் உட்காருறேன்," என்றான். "உங்க காவலையும் நானே பார்க்குறேனே! காலையில ஆளுக்கு ஒரு புழு கொடுங்க, போதும். நீங்க ஏழு பேரும் நிம்மதியா மேயலாம்."

வெள்ளச்சி துள்ளிக் குதித்தாள். "சரின்னு சொல்லு அக்கா! சரின்னு சொல்லு!"

பேரம் முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பேரம்தான். கரிச்சான் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தான். ஒரு தடவை வல்லூறைத் துரத்தித் துரத்திக் கொத்தி ஓடை தாண்டி விரட்டிவிட்டு வந்தான். குருவிகளுக்கும் வயிறு நிறைந்தது, அவனுக்கும் நிறைந்தது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு நாள் காலை, தரையில் ஒரு நிழல் ஓடியது. பழக்க தோஷம், வெள்ளச்சி "கீ! கீ!" என்று கத்திவிட்டாள். நிஜமாகவே வல்லூறுதான். எல்லோரும் தப்பித்தார்கள். ஆனால் கரிச்சானுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"காவல்காரன் நானா, இவளா?" என்று பொரிந்தான். "ஆளாளுக்குக் கத்தினா யார் பேச்சைக் கேட்குறது? இனிமே இந்தக் காட்டுல என் குரல் மட்டும்தான் எச்சரிக்கை. வேற யார் கத்தினாலும் கூட்டத்தை விட்டு வெளியே போயிடணும். உச்சிக்கிளைக்கும் யாரும் வரக் கூடாது. சம்மதம்னா இருக்கேன். இல்லைன்னா இப்பவே கிளம்புறேன்!"

அங்காயியின் கூட்டில் அப்போதுதான் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. இறகுகூட முளைக்காத பச்சைக் குஞ்சுகள். காவல் இல்லாமல் என்ன செய்வாள் பாவம்?

"சம்மதம் அண்ணே," என்றாள். பிறகு வெள்ளச்சியிடம், "வாயைக் கொஞ்சம் அடக்கிக்கோயேன்டி, என் பிள்ளைங்களுக்காக," என்று கெஞ்சினாள்.

வெள்ளச்சி வாயை அடக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் கரிச்சானின் கூச்சல் அதிகமானது. ஒரு நாளைக்குப் பத்து தடவை! அவன் கத்தியதும் குருவிகள் வாயில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் போட்ட புழு இருக்காது. ஒரு தடவை வெள்ளச்சி புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கரிச்சான் ஜம்மென்று கீழே இறங்கி, ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கி விழுங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"வல்லூறு எங்கே அண்ணே?"

"நான் கத்தினேன், அது போயிடுச்சு!"

"வந்ததையே நான் பார்க்கலையே?"

"அதுதான் என் திறமை! நீ பார்க்குறதுக்கு முன்னாடியே விரட்டிட்டேன்!"

வெள்ளச்சி அங்காயியிடம் ஓடிப்போய்ப் பார்த்ததைச் சொன்னாள்.

"தெரியும்டி," என்றாள் அங்காயி களைத்த குரலில். "புழு போனா போகுது. நாம உச்சிக்கிளையில ஏறியே எத்தனை நாளாச்சு? இனி நமக்குக் காவல் காக்க வருமா?"

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. மறுநாள் காலை புற்றிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பியது. கரிச்சானுக்கு ஈசல் என்றால் உயிர். உச்சிக்கிளையை அப்படியே விட்டுவிட்டு ஓடைக்கு மேலே பறந்து பறந்து பிடித்துக்கொண்டிருந்தான். குருவிகளும் சந்தோஷமாக ஈசல் பொறுக்கினார்கள். குஞ்சுகளுக்குக் கொண்டு போக அங்காயி வாய் நிறையச் சேர்த்தாள்.

வெள்ளச்சி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கூடு இருந்த காரைப்புதரில் ஒரு கிளை ஆடியது. காற்றே இல்லை, எப்படி ஆடும்? உற்றுப் பார்த்தாள். சாரைப்பாம்பு!

கத்த வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். கத்தினால் கூட்டத்தை விட்டுப் போக வேண்டும். ஆறு அக்காமாரையும் விட்டு எங்கே போவாள்? கரிச்சான் பார்த்துவிடுவான் என்று அவன் பக்கம் பார்த்தாள். அவன் ஓர் ஈசலின் பின்னால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். மறுபடி புதரைப் பார்த்தாள். பாம்பின் தலை கூட்டுக்குள் இறங்கியது.

"கீ! கீ! கீ! கீ!"

காடே அதிர்ந்தது. ஏழு பேரும் பாம்பின் மேல் பாய்ந்து, தலையிலும் வாலிலும் மாறி மாறிக் கொத்தினார்கள். சாரை பொத்தென்று கீழே விழுந்து ஓடிப்போனது.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. மூன்றாவது இல்லை.

அங்காயி இரண்டையும் சிறகுக்குள் அணைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "நீ எப்போ பார்த்தே வெள்ளச்சி?"

வெள்ளச்சியால் பொய் சொல்ல முடியவில்லை. "பாம்பு கீழ்க்கிளையில இருக்கும்போதே பார்த்துட்டேன் அக்கா. கத்தலாமா, கூடாதான்னு யோசிச்சேன்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் வந்து சேர்ந்தான். "யார் கத்தினது? என் அனுமதி இல்லாம கத்தினது யாரு?"

அங்காயி விர்ரென்று பறந்து உச்சிக்கிளைக்குப் போனாள். அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இது என் இடம்!" என்றான் கரிச்சான்.

"இந்த மரத்துல யார் வேணும்னாலும் உட்காரலாம்," என்றாள் அங்காயி. "நீயும் காவல் இருக்குறதுன்னா இரு. உண்மையா கத்தினா கூலிப் புழு உண்டு. ஆனா இனி எங்க வாயைப் பூட்ட யாராலயும் முடியாது. என் தங்கச்சி கத்துறதுக்கு முன்னாடி யோசிச்சா பாரு, அந்த நேரத்துக்கு விலை என் குஞ்சு."

கீழே நின்ற ஆறு பேரும் நிமிர்ந்து அவனையே பார்த்தார்கள். கரிச்சான் சிறகை ஒடுக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் முறை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. விடிவதற்குள் வெள்ளச்சி உச்சிக்கிளையில் இருந்தாள். கீழே கொழுத்த புழுக்கள் நெளிந்தன. அவள் கீழே பார்க்கவே இல்லை.

ஒரு வேலையைக் கூலி கொடுத்து யாரிடமும் ஒப்படைக்கலாம்; அந்த வேலையை நாமே செய்துகொள்ளும் உரிமையை மட்டும் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது.