யாரும் எடுத்துக் கொடுக்காத வகுப்பு

“இவளை இங்கிலீஷ் பேச வைக்க முடியுமா சார்?”

பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே அமலோற்பவம் டீச்சர் கேட்டார். பக்கத்தில் தலை குனிந்து நின்றவள் இசக்கி. இருவர் காலிலும் கரிசல் சகதி கணுக்கால்வரை அப்பியிருந்தது.

கொம்பையா சார் கால் கழுவத் தண்ணீர்க் குடத்தையும் செம்பையும் காட்டினார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சிறு வயதிலிருந்தே திக்குவாய். முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த ஆசிரியர் கூட்டம் நடந்தாலும் அவர் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்துவிடும். காட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் இங்கிலீஷ் வாசனை கிடையாது. ஆனாலும் யார் வந்து நின்றாலும் பயப்படாமல் இங்கிலீஷில் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அமலோற்பவம் டீச்சர் தலை நரைக்கும்வரை இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். நேற்று வேலைக்கு வந்தவரிடம் போய்க் கேட்பதா என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். அவர் லீவு சொல்லிவிட்டு இசக்கியோடு பஸ் ஏறிவிட்டார். ரோடு முடிந்த இடத்தில் பஸ் நின்றுவிட, மிச்சத் தூரத்தைச் சகதியில் நடந்தார்கள்.

கால் கழுவிக்கொண்டே இசக்கியைப் பற்றிச் சொன்னார். எட்டாவது வரைக்கும் தன்னிடம் படித்தவள். ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்கூடம் போனாள். முதல் வாரமே வகுப்பில் எழுந்து இங்கிலீஷில் என்னவோ சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இப்போது அம்மாவோடு உப்பளத்துக்குப் போகிறாள்.

“இவளை அங்க விட்டுட்டு நான் சும்மா இருக்க மாட்டேன் சார்” என்றார் டீச்சர். “இலக்கணம் இவளுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் ஒரு தப்பை விட்டதில்ல. வாயிலருந்து வரும்போதே பிடிச்சுத் திருத்திருவேன். பிறகு ஏன் சார் இப்படி ஆச்சு?”

கொம்பையா சார் வகுப்புப் பக்கம் கை காட்டினார்.

“உ... உள்ள வாங்க” என்றார்.

வகுப்பில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மைப் பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று சார் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். நடுவில் ஒரு சொல் சிக்கிக்கொண்டது. கண்ணை மூடினார். தாடை நடுங்கியது. சொல் வரவில்லை.

டீச்சருக்குத் தாங்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

வகுப்பில் யாரும் அசையவில்லை. சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல இருந்தார்கள். டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

சொல் வந்தது. சார் மேலே பேசினார்.

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றார்.

டீச்சர் எழுந்து நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

இத்தனை வருஷமாகப் புத்தகத்தில் இருந்ததை வாசித்திருக்கிறார். கரும்பலகையில் எழுதியிருக்கிறார். அர்த்தம் சொல்லியிருக்கிறார். தன் காரியம் ஒன்றைத் தன் வாயால் இங்கிலீஷில் யாரிடமாவது சொன்னதுண்டா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. உள்ளங்கை வேர்த்தது. உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தார். இசக்கி தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உட்காரவில்லை.

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

“பஸ்...” என்றார். “பஸ் நாட் கம். ரோடு... ஸ்டாப். வீ வாக்.”

தப்பு என்று அவருக்கே தெரிந்தது. சகதிக்கு என்ன சொல்வது என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைச் சகதியிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடந்து காட்டினார்.

செருப்பு என்ன ஆச்சு என்று ஒரு பையன் இங்கிலீஷில் கேட்டான். செருப்பு போச்சு, ஒன்று மட்டும் இருக்கிறது என்று டீச்சர் இங்கிலீஷில் சொன்னார். பிறகு ஆளுக்கொன்று கேட்டார்கள். அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்போது வேர்வை நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

முன்னால் இருந்த ரெட்டைச்சடைக்காரி இசக்கி பக்கம் திரும்பினாள்.

“ஒய் யூ நோ ஸ்கூல்?”

இசக்கி தரையைப் பார்த்தாள்.

டீச்சர் அவளுக்காகப் பதில் சொல்லப் போனார். கொம்பையா சார் கையை லேசாக உயர்த்தினார். டீச்சர் நிறுத்திக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. சாம்பார் வாசனை வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சாரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து இசக்கி வாயைத் திறந்தாள்.

“தே லாஃப்.”

“வா... வாட் டிட் யூ சே?” என்று சார் கேட்டார்.

அவள் தமிழில் சொன்னாள். அன்றைக்கு டவுன் பள்ளிக்கூடத்தில், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒவ்வொருவரும் எழுந்து இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. இவள் முறை வந்தது. எழுந்தாள். ‘மை ஃபாதர் ஈஸ் சால்ட்’ என்று தொடங்கினாள். அதோடு வகுப்பே சிரித்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. ரெட்டைச்சடைக்காரி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தென்?” என்றாள்.

இசக்கி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“மை ஃபாதர்... மேக் சால்ட்.”

நிறுத்தினாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“யூ ஆல் ஈட்.”

‘மேக்’ இல்லை, ‘மேக்ஸ்’. அது அமலோற்பவம் டீச்சரின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவர் கொம்பையா சாரைப் பார்த்தார். சார் அவரைப் பார்க்கவில்லை. இசக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் திருத்தத்தை விழுங்கிக்கொண்டார்.

“ஹவ்?” என்று மட்டும் கேட்டார்.