முதல் வகுப்போடு நின்றவர்கள்

தில்லைநாயகிக்கு ஐம்பது வயது. அவருடைய ஆசிரியை பெனிட்டாவுக்கு இருபத்தேழு.

பெனிட்டாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு ஆன்லைனில் சைகை மொழி வகுப்பு நடத்திவந்தார்.

தில்லைநாயகி ஜவுளிக்கடையில் பல வருடம் சேலை விற்றவர். முழங்கால் தேய்ந்து, நிற்க முடியாமல் போனதும் வேலையும் போயிற்று. வீட்டில் உட்கார்ந்தபடி செய்ய ஏதாவது வேண்டும். பெனிட்டாவின் வகுப்பைப் பற்றி வீடியோ போடலாம், நம் லிங்க் வழியாக யார் சேர்ந்தாலும் நமக்குக் கமிஷன் உண்டு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

"தொட்டுப் பார்க்காத சேலையை நான் வித்ததே இல்ல" என்ற தில்லைநாயகி, முதலில் தானே காசு கட்டி மாணவியாகச் சேர்ந்தார். சேர்ந்தவர் விடவில்லை. ஒரு வருடத்தில் பெனிட்டாவோடு கைகளாலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். விற்பனையும் நன்றாக நடந்தது. வீட்டுச் செலவு அந்தக் கமிஷனில்தான் ஓடியது.

ஒரு நாள் காலை அவருக்கு ஒரு போன் வந்தது. வயதானவர் குரல்.

"சைகை மொழி வீடியோல பேசுறது நீங்கதானே?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"முப்பது நாள்ல பேசிடலாம்னு சொன்னீங்க. எம் பேத்திக்குக் காது கேக்காது. அதுக்காகத்தான் சேர்ந்தேன். ஒரு வகுப்பு பாத்தேன். விரலு வளைய மாட்டேங்குது. விட்டுட்டேன்."

"ஐயா, நீங்க மறுபடியும்..."

"அது கெடக்கட்டும். உங்களுக்கு வர வேண்டியது வந்துருச்சில்ல?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தில்லைநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். பெனிட்டா துணி மடித்துக்கொண்டிருந்தார். இருவரும் கைகளால் பேசினார்கள்.

"டீச்சர், இனி நான் ஆள் சேர்க்கப் போவதில்லை."

"ஏன் அக்கா?"

தில்லைநாயகி போனில் வந்ததைச் சொன்னார்.

"முப்பது நாள் என்று யார் சொன்னது?"

"நான்தான். அப்படிச் சொன்னால்தான் சேருகிறார்கள்."

"அதை எடுத்துவிடுங்கள்."

தில்லைநாயகி அங்கேயே நின்று, போனில் அந்த வீடியோவைத் தேடி அழித்தார். அதிகம் பேர் பார்த்த வீடியோ அது.

"பேத்திக்கு என்ன வயது?" என்று பெனிட்டா கேட்டார்.

"கேட்கவில்லை."

"கேளுங்கள். தாத்தாவையும் பேத்தியையும் ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல்லுங்கள். விரல் வளையாவிட்டால் பரவாயில்லை."

தில்லைநாயகி தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

"இன்னும் என்ன?"

"அவர் ஒருவர் என்றால் பரவாயில்லை டீச்சர். என் மூலம் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். ஒன்றும் கற்காமல் போகிறவர்கள் காசில் நான் அரிசி வாங்குகிறேன். அது சரியா?"

பெனிட்டா பதில் சொல்ல வாயெடுப்பவர் போலக் கையை உயர்த்தினார். அப்போது அவருடைய போன் மின்னியது. வீடியோ அழைப்பில் மார்க்கெட்டில் வேலை செய்யும் ஒரு தோழி. அவருக்கும் காது கேட்காது. சவரிமுத்து லாரியிலிருந்து விழுந்துவிட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று கையால் சொன்னார்.

சவரிமுத்து மூட்டை இறக்குகிறவர். காது கேட்காது, பேச்சு வராது, பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதிக் காட்டினாலும் புரியாது. பெனிட்டா சொல்லிக்கொடுத்த சைகை மொழி மட்டும்தான் தெரியும்.

இருவரும் ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் பெனிட்டாவுடைய இரண்டு கைகளும் மடியில் இறுகிக் கிடந்தன.

அவசரப் பிரிவில் சவரிமுத்து இல்லை. கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் ரத்தம்.

"சவரிமுத்துன்னு ஒருத்தர்... காது கேக்காதவர்..." என்று அங்கிருந்த நர்ஸிடம் தில்லைநாயகி கேட்டார்.

"ஆபரேஷனுக்குக் கொண்டு போயிருக்காங்கம்மா. உள்ளுக்குள்ள ரத்தக் கசிவு. நேரத்தோட கண்டுபிடிச்சாச்சு, பொழச்சுக்குவார்னு டாக்டர் சொன்னாரு."

தில்லைநாயகி அதைக் கையால் சொன்னார். பெனிட்டா சுவரில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். அப்போதுதான் நர்ஸ் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இவங்க... பெனிட்டா டீச்சர்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஹசீனா. டீச்சர் கிளாஸ்ல சேர்ந்திருந்தேன். ஒரே ஒரு கிளாஸ்தான்க்கா பாத்தேன். டியூட்டி மாறி மாறி வந்துச்சா, அப்படியே விட்டுப் போச்சு." நர்ஸ் ஹசீனாவின் முகம் சுருங்கியது. "டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க."

"இங்க என்ன நடந்துச்சு?"

"அவருக்குக் கை கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. தையல் போடப் போனா உதறித் தள்றாரு. நாலு பேரு ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. மனுசன் ஓன்னு கத்துறாரு. காது கேக்காதுன்னு கூட வந்தவங்க சொன்னதும் எனக்கு டீச்சர் ஞாபகம் வந்துச்சு. கையை விடுங்க சார், அவரு கையைப் பிடிச்சா வாயைப் பொத்துற மாதிரின்னேன்."

"அப்புறம்?"

ஹசீனா கைகளை உயர்த்தினார். கொஞ்சம் கோணலாக, ஆனால் தெளிவாகச் செய்து காட்டினார். பயப்படாதீங்க. நான் இருக்கேன். வலி எங்கே?

"இதைப் பாத்ததும் கத்துறதை நிறுத்திட்டாரு. என்னென்னமோ கையால சொன்னாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. கடைசியா என் கையைப் பிடிச்சு அவரோட இடது விலாவுல வச்சாரு. அதுக்கப்புறம்தான் டாக்டர் அங்க அமுக்கிப் பாத்து ஸ்கேனுக்கு அனுப்பினாரு."

தில்லைநாயகி தயங்கிக் கேட்டார். "நீங்க யாரோட லிங்க்ல சேர்ந்தீங்கம்மா?"

"ஞாபகம் இல்லக்கா. போன்ல ஏதோ வீடியோ வந்துச்சு. தொட்டேன்."

அடுத்த நோயாளியைக் கொண்டுவந்தார்கள். ஹசீனா ஓடினார்.

இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஆபரேஷன் முடிய நேரமாகும். ஹசீனா காட்டிய மூன்று சைகைகளையும் தில்லைநாயகி தன் கைகளால் செய்து பார்த்தார். பிறகு பெனிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெண் சொன்னதைக் கவனித்தீர்களா டீச்சர்?"

"உதடு கொஞ்சம் படித்தேன். கை முழுவதும் படித்தேன்."

"ஒரே வகுப்புதான் பார்த்திருக்கிறாள்."

"தெரிகிறது. கட்டைவிரல் தப்பாக இருக்கிறது."

"மற்ற இடங்களில் முதல் வகுப்பில் வணக்கம், பெயர், எழுத்துகள் என்றுதான் தொடங்குகிறார்கள். நானோ உங்களிடம் முதல் நாள் அந்தப் பெண் காட்டிய மூன்றைத்தான் கற்றேன். அன்று ஏனென்று கேட்கவில்லை. எதற்காக அவற்றை முதலில் வைத்தீர்கள்?"

பெனிட்டா சொன்னார்:

"பாதிப் பேர் இரண்டாம் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும் அக்கா."