ஆச்சா மகாராஜாவும் கற்கண்டுக் கிளியும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மாந்தோப்பெல்லாம் வெறும் கொட்டையாக இருந்த நாளில், அவசரசேனன் என்றொரு ராஜா இருந்தான். விதை போட்ட மறுநாளே தோண்டிப் பார்ப்பான். வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்: “ஆச்சா? ஆச்சா?” (நீங்களும் ஆரம்பிக்காதீர்கள், சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்!)

தவத்தில் இருந்த ஒரு மந்திரவாதியையும் உலுக்கி, “ஆச்சா?” என்று கேட்டுத் தொலைத்தான். யாருக்குத்தான் பொறுக்கும்? மந்திரவாதி ராணியைக் கிளியாக்கிவிட்டான். “எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரே கட்டியாகக் கற்கண்டு செய். அதைக் கொத்தினால் பெண்ணாவாள். நாளாக ஆக மனுஷ நினைவெல்லாம் மறக்கும். அமாவாசை தாண்டினால் என்றைக்கும் கிளிதான்!”

பாகு காய்ச்சுவதில் கெட்டிக்காரி குமுதவல்லியை வரவழைத்தார்கள். அவள் சர்க்கரைப் பாகு காய்ச்சினாள். நூலில் சின்னக் கற்கண்டு ஒன்றைக் கட்டி அதற்குள் தொங்கவிட்டாள். “யாரும் தொடக் கூடாது” என்று மூடினாள்.

“ஆச்சா?” என்று ராஜா கரண்டியை விட்டுக் கிண்டினான். எல்லாம் மாவாகப் போயிற்று.

தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சினாள். “ஆச்சா?” என்று அண்டாவை உலுக்கினான். எல்லாம் குருணையாகப் போயிற்று.

குமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். “மகாராஜா! சர்க்கரை பந்தியில உக்காருது. ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வரிசையா உக்காந்தாத்தான் ஒரே கட்டி. நீங்க உலுக்கினா ஆளாளுக்குக் கிடைச்ச இடத்துல தனிப்பந்தி போட்டுடுது!”

“இல்லை, எப்போது ஆகும் என்றுதான்...”

“ஐயோ, சும்மா இருங்களேன்!” என்று கத்தியது கிளி. “நம்ம மகன் பேரே எனக்கு மறந்துபோச்சுங்க.”

குமுதவல்லி மூன்றாவது முறை காய்ச்சி மூடினாள். ராஜா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தது. அசையவில்லை. நாளுக்கு நாள் கிளி ஒவ்வொரு வார்த்தையாக மறந்தது. அழுதான், ஆனால் “ஆச்சா?” என்று கேட்கவில்லை.

அமாவாசையன்று காலையில் குமுதவல்லி மூடியைத் திறந்தாள். நூலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கற்கண்டு, பட்டை பட்டையாக மின்னியது. கிளி ஒரு கொத்துக் கொத்தியது. கிளி நின்ற இடத்தில் ராணி நின்றாள். “மாறவர்மா!” என்று மகனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

“என்ன வேண்டும், கேள்!” என்றான் ராஜா.

“பாகு காய்ச்சுற இந்த அறைக்கு ஒரு பூட்டு, மகாராஜா. சாவி என்கிட்ட இருக்கணும்” என்றாள் குமுதவல்லி.

“ரெண்டு பூட்டாப் போடுங்க” என்றாள் ராணி.

பொன்னும் கொடுத்தார்கள், பூட்டும் போட்டார்கள். பூட்டுப் போட வந்த ஆசாரியின் தோளுக்குப் பின்னால் ராஜா எட்டிப் பார்த்து, “ஆச்...” என்று தொடங்கினான். ராணி திரும்பிப் பார்த்தாள். ராஜா சட்டென்று உட்கார்ந்தான்; கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போய்விட்டன.

என்ன, ஆச்சாவா? ஆச்சு, கதை ஆச்சு!