களிமண்ணில் இறங்கும் நீர்

"பத்தில் ஒரு பங்கு பிசகுனா, அது பெரிய பிசகா மேடம்?"

சூசைமாணிக்கம் இப்படித்தான் ஆரம்பித்தார். உட்காரக்கூட இல்லை.

பேராசிரியர் மங்கையர்க்கரசி நாற்காலியைக் காட்டினார்.

மாணவருக்கு நாற்பத்தாறு வயது. வழிகாட்டிக்கு முப்பத்தெட்டு. அதனால் அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். ஆறு வருஷமாக இப்படியே போகிறது, இருவருக்கும் பழகிவிட்டது.

சூசைமாணிக்கம் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். ஆற்றுப் படுகையின் களிமண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கண்ணாடிக் குழாயில் மண்ணை அடைப்பார். மேலே தண்ணீர் ஊற்றுவார். அது கீழே சொட்டும்வரை காத்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெட்டியாக உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

இத்தனை வருஷத்தில் கிடைத்தது ஒரே ஒரு எண். அதை ஒரு கட்டுரையாக எழுதினார். அதுவும் அச்சாகி, மூன்று வருஷத்துக்கு முன்பே உலகத்துக்குப் போய்விட்டது.

அந்த எண்தான் இப்போது தப்பு என்று தெரிந்திருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு எல்லாக் கட்டடங்களிலும் ஏசியை நிறுத்திவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை சொல்கிறது. சூசைமாணிக்கம் சுற்றறிக்கையை நம்புகிற ஜாதி. இரவில் அறை வெக்கையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அதை வைத்தே கணக்குப் போட்டிருந்தார். போன வாரம், தானாகவே பதிவு செய்யும் வெப்பமானி ஒன்று கிடைத்தது. சும்மா இருக்கட்டுமே என்று அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால், விடிய விடிய அறை குளிர்ந்தே கிடந்திருக்கிறது. சுற்றறிக்கையை மதித்து ஏசியை நிறுத்த எவருமே இருந்ததில்லை.

குளிர்ந்த தண்ணீர் மந்தமாக இறங்கும். அதைச் சூடான தண்ணீர் என்று நினைத்து அவர் கணக்குப் போட்டுவிட்டார். உண்மையில் அந்த மண் அவர் சொன்னதைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாகத் தண்ணீரை உள்ளே விடும்.

அடுத்த மாதம் அவருக்கு வாய்மொழித் தேர்வு. விடுப்பும் அதோடு முடிகிறது. பழைய இரவுகளின் குளிர் எந்தப் பதிவிலும் இல்லாததால், எல்லாவற்றையும் திருப்பி அளக்க இன்னொரு வருஷம் ஆகும், கல்லூரி இனி ஒருநாள்கூடத் தராது. பட்டமில்லாமல் திரும்பினால், அவரிடம் படித்த பையன் துறைத் தலைவராக இருக்கும் துறையில் கடைசி நாற்காலிதான்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"இப்ப வெளிய சொல்லணுமா, அப்படியே விட்டுடலாமா? நீங்க எது சொன்னாலும் செய்றேன் மேடம்."

மங்கையர்க்கரசி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே வெயில். வேப்ப மரங்களுக்கு மேலே கட்டடம் கட்டடமாகப் பல்கலைக்கழகம் நீண்டு கிடந்தது.

"இங்க யார் யார் அந்த எண்ணை எடுத்துப் புழங்குறாங்கன்னு பார்த்துட்டு வாங்க சார். தப்புன்னு சொல்லிடாதீங்க. என்ன பண்றாங்கன்னு மட்டும் கேளுங்க."

"எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

"பக்கத்துக் கட்டடம்."

பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன, ஆராய்ச்சி மாணவனுக்கு அது ஒரு அறை, ஒரு கழிப்பறை, ஒரு கேன்டீன். சூசைமாணிக்கம் பக்கத்துக் கட்டடத்துக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காலெடுத்து வைத்தார்.

அது கட்டடப் பொறியியல் துறை. ஒரு பேருந்து நீளத்துக்குத் தொட்டி கட்டி, அதற்குள் ஒரு ஆற்றங்கரையை எழுப்பியிருந்தார்கள். தாடி வைத்த ஒருவர் முழங்கால்வரை சேற்றோடு நின்றிருந்தார். கரையைக் கட்டுவார்களாம், வெள்ளத்தைத் திறந்துவிட்டு உடைப்பார்களாம், மறுபடியும் கட்டுவார்களாம். எந்த இடத்தில் முதலில் கசிகிறது என்பதற்கு அவர்கள் நம்பியிருப்பது சூசைமாணிக்கத்தின் எண்ணை.

அந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

தாடிக்காரர் சிரித்தார். "நாங்க எதையும் ரெண்டால பெருக்கிட்டுத்தான் கரை கட்டுவோம். அதெல்லாம் எங்களுக்குத் தூசி சார்."

சூசைமாணிக்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

விலங்கியல் துறையிலும் ஒரு அம்மா அந்த எண்ணை வாங்கிப் போனார் என்று தாடிக்காரர்தான் சொன்னார்.

அந்த அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கண்ணாடித் தொட்டி முன்னால் குந்தியிருந்தார். தொட்டிக்குள் ஒரு நண்டு. கழிமுகத்து நண்டு வெள்ளம் ஏறுவதற்கு முன்னால் களிமண்ணை உருட்டி வளையின் வாயை அடைத்துவிடுமாம். தண்ணீர் வடிகிறவரை உள்ளே நனையாமல் இருக்குமாம்.

"இந்த மண்ணு எவ்வளவு நேரம் தாங்கும்னு உங்க கட்டுரையைப் படிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. இதுக்குப் பொறக்கும்போதே தெரிஞ்சிருக்கு."

சூசைமாணிக்கமும் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நண்டு அவசரமே இல்லாமல் கதவைச் சாத்தியது. அவர் வருஷக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை அது காலால் உருட்டிக்கொண்டிருந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

நண்டுக்கும் பத்தில் ஒரு பங்கு பெரிய விஷயமில்லை. அது எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே மண்ணை அப்புகிறது.

அங்கிருந்து பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தீக்காயத்தின்மேல் போடுவதற்குக் களிமண்ணும் பருத்தியும் கலந்து மெல்லிய துணி செய்துகொண்டிருந்தார் ஒரு டாக்டர். புண் காயவும் கூடாது, ஊறவும் கூடாது. அதற்கு அந்த எண். ஆனால் எண்ணை வைத்துத் தொடங்கினாலும், கடைசியில் நோயாளியின் தோலைப் பார்த்துத்தான் துணியின் கனத்தை முடிவு செய்வாராம்.

மருத்துவமனையிலிருந்து இசைத் துறைக்கு. களிமண் என்றதும் அங்கே கடம் வாசிக்கும் ஒருவர் இருக்கிறார் என்று டாக்டருக்கு ஞாபகம் வந்தது. அந்த வித்வான் ஒரே சூளையில் வெந்த இரண்டு கடங்களைத் தட்டிக் காட்டினார். ஒன்று சூளைக்குப் போகுமுன் அவசரமாகக் காய்ந்தது, மற்றது ஆற அமரக் காய்ந்தது. மண்ணை விட்டுத் தண்ணீர் எப்படி வெளியேறுகிறதோ அப்படி நாதம் அமைகிறது என்றார். இரண்டாவது கடத்தின் ஒலி அடங்கும்வரை சூசைமாணிக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் அவர் கேட்டதெல்லாம் சொட்டுச் சத்தம் மட்டும்தான்.

"உங்க எண்ணு நல்ல எண்ணு சார். ஆனா கடைசியில நான் காதைத்தான் நம்புவேன்."

வானியல் துறைக்கு எதற்குப் போகச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லை. ஆனாலும் போனார்.

அங்கே ஒரு பெண் செவ்வாய்க் கிரகத்தின் படத்தை விரித்து வைத்திருந்தாள். ஒரு காலத்தில் ஏரி இருந்த பள்ளம், அடியில் களிமண். அந்தத் தண்ணீர் எவ்வளவு காலம் நின்றிருக்கும் என்பதுதான் அவளுடைய கேள்வி.

"அங்கேருந்து மண்ணு கொண்டுவர முடியாதில்ல. அதனால நம்ம ஊரு மண்ணைத்தான் அங்க போட்டுப் பார்க்கிறோம். இதை அளந்தவரை நேர்ல பார்ப்பேன்னு நெனைக்கவே இல்ல சார்."

சூசைமாணிக்கம் படத்தின்மேல் குனிந்தார். பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். தன்னுடைய குழாய்க்குள் சொட்டியது இன்னொரு கிரகத்தின் ஏரி என்று அவரிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பத்தில் ஒரு பங்கைப் பற்றி அவளிடமும் கேட்டார். அவள் தயங்காமல், "நாங்க கோடி வருஷம் கூடக் குறையப் பேசுறவங்க" என்றாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். எதிரே வரிசை வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார். நண்டுக்காக, புண்ணுக்காக, கோடி வருஷத்துக்கு முந்தைய தண்ணீருக்காக. ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் வாங்கி, அதன்மேல் தன்னுடையதை வைத்து, அடுத்தவரிடம் கொடுக்கிறார். எண் சொன்னவரை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. சத்தியம் வாங்கவில்லை. அப்படியே நம்பியிருக்கிறார்கள். 

நல்லவேளை, ஒருவருக்கும் நஷ்டமில்லை என்றும் நினைத்துக்கொண்டார். விட்டுவிடலாம்.

கடலியல் துறையின் கணினி அறை ஒன்றுதான் பாக்கி. வானியல் துறைப் பெண் சொல்லியிருந்தாள், அதனால் போனார்.

அறையில் ரஹ்மத் நிஷா என்ற உதவியாளர் மட்டும் இருந்தார். பெரிய திரையில் கடற்கரையின் வரைபடம். நிலத்துக்கு அடியில் உப்புநீர் எப்படி உள்ளே ஏறுகிறது என்பதை வருஷம் வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தது. நீல நிறம் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தது. ஐம்பது வருஷத்துக் கடல் அவர் கண் முன்னால், மண்ணுக்குக் கீழே, சத்தமில்லாமல் நடந்து வந்தது.

அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

கரையோரத்தில் பனையடிக்குப்பம் என்று ஒரு ஊர். அதன் குடிநீர்க் கிணறு எந்த வருஷம் உப்பாகும் என்று இந்தக் கணக்கு சொல்லிவிடுமாம். அதற்கு முன்னால் வேறு தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். ஊராருக்குச் சொல்ல நாள் குறித்தாயிற்று. கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருப்பது களிமண் மட்டுமே.

"இங்க எதையாவது ரெண்டால பெருக்குவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். கட்டுரையில இருக்கிறது அப்படியேதான்."

"பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்களேன், பார்ப்போம்."

நிஷா எண்ணை மாற்றினார். மறுபடி ஓடவிட்டார். பழைய கணக்கில் கிணறு உப்பாக வேண்டிய வருஷத்துக்கு, திரையில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. நீலம் அதற்குள்ளேயே கிணற்றைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"அய்யோ" என்றார் நிஷா மெதுவாக. பிறகு சமாளித்துக்கொண்டு, "நல்லவேளை, சும்மாதானே பார்த்தோம்" என்றார்.

இது யாருடைய வேலை என்று சூசைமாணிக்கம் கேட்டார்.

நிஷா அவரை வினோதமாகப் பார்த்தார். "மங்கை மேடத்தோடதுதான். மூணு வருஷமா ஓடுது. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. மத்தியானங்களில் மேடம் எங்கே போகிறார் என்று அவரும் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அவர் திரும்பியபோது ஐந்து மணி. மங்கையர்க்கரசி ஜன்னலோரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஒருத்தருக்கும் பாதிப்பில்ல. உங்களைத் தவிர."

மங்கையர்க்கரசி இன்னொரு வாய் டீ குடித்தார்.

"தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா மேடம்?"

"ஆமா."

சூசைமாணிக்கம் கையைப் பிசைந்தார். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டார்.

"என் பட்டம் போயிடும். உங்க மூணு வருஷமும் போயிடும். அதுக்குப் பணம் குடுத்தவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். இது தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான். பேசாம இருந்துட்டா என்ன?"

மங்கையர்க்கரசி டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் இல்லை. உண்மையாகவே விவரம் கேட்கிறவரைப் போலக் கேட்டார்.

"கடல் நம்ம கட்டுரையைப் படிச்சிட்டா சார் உள்ள வருது?"

சூசைமாணிக்கம் மேஜையை நோக்கி நடந்தார்.

அதன்மேலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.  கணினி அறையில் நிஷா எடுத்தார்.

"மெஷினை நிறுத்திடுங்கம்மா" என்றார். "அந்த எண்ணு தப்பு. அளந்தவன் நான்தான்."